நரியைக் கண்டவர் யார்?

நம்மவர் வீடுகளிலே புத்தகம் என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் பாடப் புத்தகம் என்பதே பொருள். விசயதசமியன்று பச்சையரிசியில் 'அ' எழுதுவித்து ஏடு தொடக்கிய நாள் முதலாகப் பிள்ளைக்கும் புத்தகத்துக்கும் இடையே ஆசிரியரோ பெற்றோரோ ஒருவர் நின்றுகொண்டேயிருக்கின்றார். "படி" என்கிறார், சற்று நேரஞ் சென்று "படித்தாயா?" என்கிறார், பின்பு "என்ன விளங்கியது, சொல்" என்கிறார். இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும், ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் பாயிலே அருகருகே இருந்து, ஒருவரையொருவர் சோதியாமல், சிரிப்பதற்கென்றே ஒரு புத்தகத்தைத் திறக்கும் வழக்கம் நம்மிடையே குறைவாகவே காணப்படுகின்றது. அவ்வாறு திறப்பதற்கென்றே ஆக்கப்பட்ட சில வேடிக்கைப் படக்கதைப் புத்தகங்களைப் பற்றியும், என் வீட்டுப் பிள்ளைகளிடத்தில் அவை எனக்குக் காட்டிய ஓர் உண்மையைப் பற்றியும் இங்கே கூற விரும்புகின்றேன்.

படமுள்ள புத்தகமெல்லாம் படக்கதைப் புத்தகம் ஆகிவிடாது. பாலர் வாசகத்தில் 'ஆடு' என்ற சொல்லுக்கு மேலே ஓர் ஆடு நிற்கின்றது. சொல் கூறியதையே படமும் கூறுகின்றது. எழுத்தைக் கற்பிப்பதற்கு அது போதும். நான் கருதும் புத்தகங்களிலோ, சொல்லும் படமும் ஒரே பாதையிற் செல்வதில்லை. சொல் ஒன்றைக் கூறிக்கொண்டு போகும். படம் வேறொன்றைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஒரே கதையை இருவர் சொல்வது போலவும், அவர்களுள் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் நம்மைப் பார்த்துக் கண்சிமிட்டுவது போலவும் இருக்கும்.

இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த உதாரணம், இங்கிலாந்தைச் சேர்ந்த பற் ஹட்சின்ஸ் என்னும் அம்மையார் எழுதி, தாமே படமும் வரைந்து, 1968-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'றோசியின் உலா' என்ற புத்தகமாகும். ஆங்கில மூலத்தில் அதிலுள்ள சொற்கள் எல்லாமாக 32 மாத்திரமே. றோசி என்னும் பெட்டைக் கோழி கூட்டிலிருந்து இறங்கிப் பண்ணையைச் சுற்றி உலாவிவிட்டு, சாப்பாட்டு வேளைக்கு வீடு திரும்புகின்றது. சொற்கள் கூறும் கதை அவ்வளவே. படத்திலோ, தொடக்கத்திலிருந்தே ஒரு நரி அதன் பின்னால் வருகின்றது. கோழியின்மேற் பாய அது முயலும் ஒவ்வொரு தடவையும் ஆபத்து அதற்கே நேர்கின்றது. குப்பைவாரியை மிதித்து அதன் பிடியால் முகத்தில் அடி வாங்குகின்றது, குளத்தில் விழுகின்றது, வைக்கோற் போருக்குள் புதைகின்றது, மா மூட்டை அதன் தலைமேற் கொட்டுகின்றது, ஈற்றில் தேனீக்கள் துரத்த ஓட்டம் பிடிக்கின்றது. கோழி ஒரு தரமேனும் திரும்பிப் பார்க்கவில்லை. புத்தகம் முழுவதிலும் 'நரி' என்ற சொல் ஓரிடத்திலாவது இல்லை.

இப் புத்தகத்தை என் மகளின் மகளுக்கு நான் முதன்முதலாக வாசித்துக் காட்டியபோது அவளுக்கு வயது நான்கு. எழுத்து ஒன்றும் தெரியாது. ஆங்கிலச் சொற்களைத் தமிழாக்கி, அச்சில் உள்ளவாறே வாசித்துக்கொண்டு போனேன். மூன்றாம் படத்தில் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அம்மம்மா, நரி வருது!"

"இதிலை நரி எண்டு எழுதியில்லையே, பிள்ளை."

அவள் என்னைச் சற்றே இரக்கத்தோடு பார்த்தாள். "எழுதாட்டி என்ன? நரி வருதுதானே!" என்றாள்.

அன்று தொடக்கம் அப் புத்தகத்தை வாசிக்கும் பொறுப்பு எங்கள் இருவருக்குமாகப் பங்கிடப்பட்டது. எழுதியிருப்பதை நான் வாசிப்பேன். எழுதாததை அவள் வாசிப்பாள். அவளுடைய பங்கே பெரிது.

அவளுடைய தமையனுக்கு அப்போது எட்டு வயது. வாசிப்பிற் கெட்டிக்காரன். புலமைப்பரிசில் பரீட்சையை முன்னிட்டு வினாத்தாள்களைக் கட்டுக் கட்டாகச் செய்யத் தொடங்கியிருந்தான். தங்கையின் சிரிப்பைக் கேட்டு வந்தவன் புத்தகத்தை வாங்கி, அரை நிமிடத்தில் எல்லாச் சொற்களையும் வாசித்து முடித்தான். "இதிலை ஒண்டுமில்லையே. கோழி நடந்து போட்டுத் திரும்பி வருது, அவ்வளவுதான்" என்று கூறித் திருப்பித் தந்தான். அவன் வாசித்ததிற் பிழையொன்றுமில்லை. அக் கதையைச் சுருக்கி எழுதும்படி வினாத்தாளிற் கேட்டிருந்தால் முழுப் புள்ளியும் பெற்றிருப்பான். ஆனால் அவன் நரியைக் காணவில்லை.

அன்றிரவு முழுவதும் அது என் மனத்தை விட்டு அகலவில்லை. வாசிக்கத் தெரியாத குழந்தை கண்டதை, நன்றாக வாசிக்கத் தெரிந்த பிள்ளை காணவில்லை. சில வருடக் கல்வி அவனுக்கு எழுத்தைக் கொடுத்திருக்கின்றது. அதற்குப் பதிலாக அவனிடமிருந்து எதை வாங்கிக்கொண்டது? எழுத்தைக் கண்டதும் கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்படி நாம் பழக்கிவிடுகின்றோம். விடை எந்த வரியில் இருக்கின்றது என்று தேடப் பழகிய கண்ணுக்கு வரிக்கு வெளியே நடப்பது தெரிவதில்லை. வாழ்க்கையிலே வரும் நரிகளும் பெரும்பாலும் எழுத்திற் குறிக்கப்படாமலே வருகின்றன அல்லவா? ஒருவர் வாயால் ஒன்றைக் கூற, அவர் முகம் வேறொன்றைக் கூறுவதைக் கண்டறியும் ஆற்றல் பெரியவர்களாகிய நமக்கு எவ்வளவு வேண்டியிருக்கின்றது! அந்த ஆற்றலோடுதான் குழந்தைகள் நம்மிடம் வருகின்றார்கள். அது மங்கிப் போகாமற் காப்பது நம் கடன்.

இத்தகைய புத்தகங்கள் பிறந்த வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. ஜேர்மனியிலே பிராங்பேர்ட் நகரில் வாழ்ந்த வைத்தியர் ஹைன்றிக் ஹொஃப்மான், 1844-ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்காகத் தம் மூன்று வயது மகனுக்கு ஒரு படப் புத்தகம் வாங்கச் சென்றார். கடைகளில் இருந்தவை நீண்ட கதைகளும் நல்லொழுக்க உபதேசங்களுமே. அவர் வெறுங் கொப்பி ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பி, தாமே பாட்டெழுதிப் படமும் வரைந்து மகனுக்குக் கொடுத்தார். நண்பர்கள் தூண்ட, 1845-இல் அது அச்சேறியது. தலை வாராமலும் நகம் வெட்டாமலும் நிற்கும் 'ஸ்ட்றூவெல்பீற்றர்' என்னும் பையனின் பெயராலேயே அது பின்பு உலகப் புகழ் பெற்றது. உபதேசத்தை அவர் விட்டுவிட்டார் என்று கூற முடியாது. விரல் சூப்பும் சிறுவனின் பெருவிரல்களை ஒரு தையற்காரன் பெரிய கத்திரிக்கோலோடு ஓடிவந்து வெட்டிவிடுகின்றான்! தண்டனை அளவு கடந்து போனபடியால், அஞ்சுவதா சிரிப்பதா என்பது வாசிப்பவருக்கே தெரியவில்லை. சிறு குழந்தைகளுக்கு அதை நான் காட்டமாட்டேன். எனினும், கடையில் விற்கும் உபதேசம் தம் பிள்ளைக்குப் போதாது என்று ஒரு தகப்பனார் எண்ணியதை மறக்கவும் மாட்டேன்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு இங்கிலாந்திலே எட்வேர்ட் லியர் என்னும் ஓவியர், டார்பிப் பிரபுவின் மாளிகையில் வளர்க்கப்பட்ட பறவைகளையும் விலங்குகளையும் பார்த்து வரையும் வேலைக்கு அமர்த்தப்பட்டிருந்தார். அங்கிருந்த குழந்தைகளை மகிழ்விப்பதற்காக அவர் அர்த்தமற்ற பாட்டுக்களையும் கோணல்மாணலான படங்களையும் ஆக்கினார். அவை 1846-இற் புத்தகமாக வெளிவந்தன. பறவைகள் கூடு கட்டிக் குடியிருக்கும் தாடியையுடைய கிழவர் போன்ற விசித்திர மனிதர்களே அதில் நிறைந்திருக்கின்றார்கள். இவர் 1874-ஆம் ஆண்டில் நம் இலங்கைக்கும் வந்து போனார் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. அர்த்தமற்ற பாட்டினால் குழந்தைக்கு என்ன பயன் என்று சிலர் வினவுவர். ஆட்டுக்குக் காலிலே கொம்பு என்றால் குழந்தை சிரிக்கின்றது. ஏன்? கொம்பு இருக்கவேண்டிய இடம் அதற்குத் தெரியும். தான் அறிந்த உண்மை தன்னிடம் உறுதியாக இருக்கின்றது என்ற மகிழ்ச்சியே அச் சிரிப்பு.

நமக்கும் இது புதிதன்று. தங்கத் தாத்தா என்று நாம் போற்றும் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) கத்தரித் தோட்டத்திலே நிற்கும் வெருளியையும் ஒரு பாட்டுக்குத் தலைவனாக்கினார். வைக்கோலாலும் பழந்துணியாலும் ஆன உருவத்தோடு பேசும் அப் பாட்டை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பாடிச் சிரித்துள்ளனர். நம்மிடம் வேடிக்கைப் பாட்டுக்குக் குறைவில்லை. வேடிக்கைப் படத்துக்கே குறைவு. வண்ணப் படங்களை அச்சிடுவது செலவு மிக்கது. அச்சிடும் பிரதிகள் குறையக் குறைய ஒவ்வொரு பிரதியின் விலையும் ஏறும். ஆகவே நம் குழந்தை நூல்களிற் பலவற்றில், படம் நெடுங்காலமாகப் பாட்டுக்கு ஓர் அலங்காரமாகவே இருந்து வந்துள்ளது.

படம் எவ்வளவு பேசவல்லது என்பதை அறிய விரும்புவோர், அமெரிக்கராகிய மொறிஸ் சென்டாக் (1928–2012) என்பவர் 1963-இல் வெளியிட்ட காட்டுப் பூதங்களின் கதையைப் பார்க்கவேண்டும். மாக்ஸ் என்ற சிறுவன் ஓநாய் உடை அணிந்து வீட்டிலே அட்டகாசம் செய்கின்றான். தாய் அவனைச் சாப்பாடின்றிப் படுக்கைக்கு அனுப்பிவிடுகின்றாள். அவனுடைய அறையிலே மரங்கள் முளைத்துக் காடாகின்றன, கடலொன்று வருகின்றது, அவன் தோணியேறிப் பூதங்களின் நாட்டுக்குப் போய் அவற்றுக்கு அரசனாகின்றான். முதற் படம் பக்கத்தின் நடுவே சிறியதாக இருக்கின்றது. அவன் கற்பனை வளர வளரப் படமும் வளர்ந்து, இரண்டு பக்கங்களையும் முழுதாக மூடி, எழுத்தை வெளியே தள்ளிவிடுகின்றது. பூதங்களோடு அவன் ஆடும் மூன்று பெரும் படங்களில் ஒரு சொல்தானும் இல்லை. அவ்விடத்தில் வாசிக்கும் பெரியவருக்கு வேலையில்லை. குழந்தைதான் சத்தமிடவேண்டும், எங்கள் வீட்டிற் பக்கத்து வீட்டாருக்கும் கேட்கும்படியாகவே சத்தமிடப்பட்டது.

பின்பு மாக்ஸுக்கு வீட்டு நினைவு வருகின்றது. திரும்பி வந்தால் அறையிலே சாப்பாடு காத்திருக்கின்றது. கடைசிப் பக்கத்திற் படமே கிடையாது. அச் சாப்பாடு இன்னும் சூடாயிருந்தது என்ற செய்தி மாத்திரம் உண்டு. தாயின் முகத்தைப் புத்தகம் எங்கணும் தேடினாலும் காணமுடியாது. அவள் மன்னித்துவிட்டாள் என்று ஆசிரியர் எழுதவில்லை. சாப்பாட்டின் சூடே அதைத் தெரிவிக்கின்றது. பிள்ளையைக் கடிந்துவிட்டுப் பின்பு பேசாமற் சோற்றைப் போட்டு வைக்கும் தாய்மாரை நம் வீடுகளில் நாம் கண்டதில்லையா?

இப் புத்தகம் வெளிவந்தபோது, பூதங்களைக் கண்டு குழந்தைகள் அஞ்சுவர் என்று கண்டித்தோர் இருந்தனர். ஆயினும் 1964-இல் அமெரிக்காவின் சிறந்த படப் புத்தகத்துக்கான கல்டிகொற் பதக்கம் இதற்கே கிடைத்தது. தம் இளமையிலே வீட்டுக்கு வந்து கன்னத்தைக் கிள்ளி, 'உன்னைத் தின்றுவிடுவேன்' என்று செல்லங் கொஞ்சிய உறவினர்களே அப் பூதங்கள் என்று சென்டாக் பிற்காலத்திற் கூறினார். நம் மாமாமாரும் மாமிமாரும் கொஞ்சுவது எவ்வாறு என்பதை நினைத்துப் பார்ப்போர்க்கு இது நன்கு விளங்கும்.

தூர தேசங்களிலிருந்து நம் நாட்டுக்கு வருவோம். காலிக்கு அருகே கிந்தோட்டையிலே 1927-இற் பிறந்து, 2020-இல் மறைந்த சிபில் வெத்தசிங்க அம்மையாரின் 'குட ஹொரா' என்ற சிங்களப் புத்தகம் 1956-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குடைத் திருடன் என்பது அதன் பொருள். குடையையே கண்டிராத ஒரு கிராமம். அங்குள்ளோர் மழைக்கு வாழையிலை முதலியவற்றைத் தலைமேற் பிடித்துக்கொண்டு போகின்றார்கள். கிரி மாமா பட்டணத்துக்குச் சென்று ஒரு குடை வாங்கி வருகின்றார். வழியிலே கோப்பி குடிக்கக் கடைக்குள் நுழைந்து திரும்புவதற்குள் குடை களவு போய்விடுகின்றது. மீண்டும் வாங்குகின்றார், மீண்டும் களவு போகின்றது. ஈற்றில் அவர் மடித்த குடைக்குள் கடதாசித் துண்டுகளை வைத்துவிட்டு, அவை சிந்திக் கிடந்த வழியே தேடிப் போகின்றார். குடைகளெல்லாம் மரங்களிலே தொங்குகின்றன. திருடன் ஒரு குரங்கு! கிரி மாமா குடைகளை எடுத்துக்கொள்கின்றார். ஆனால் ஒன்றைக் குரங்குக்கு விட்டுவிடுகின்றார்.

பிறமொழிகள் பலவற்றிற் பெயர்க்கப்பட்டு யப்பானிலும் பரிசு பெற்ற இப் புத்தகத்தை, எங்கள் வீட்டிற் சிங்களப் பதிப்பை வைத்துக்கொண்டே தமிழிற் சொன்னோம். எனக்குச் சிங்களம் பேச வரும். எழுத்து வாசிப்பது தட்டுத்தடுமாறித்தான். தமையனுக்கோ பாடசாலையிற் கற்ற சில எழுத்துக்கள் மாத்திரம் தெரியும். ஆகவே முதன்முறையாக நாங்கள் மூவரும் ஏறக்குறையச் சமமானோம். எழுத்துக் கைகொடாதபோது, அவனும் வேறு வழியின்றிப் படத்தைப் பார்க்கத் தொடங்கினான். கடதாசித் துண்டுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் காட்டுக்குள் சென்றவன் அவனே.

கதை முடிந்ததும் தங்கை கேட்டாள்: "களவெடுத்த குரங்குக்கு ஏன் ஒரு குடை விட்டவர்?"

எனக்குச் சொல்லத் தோன்றியவை பல. நான் வாய் திறக்குமுன் தமையன் சொன்னான்: "குரங்கும் மழையிலை நனையுந்தானே."

'இக் கதையால் நாம் அறியும் நீதி யாது?' என்று கேட்டிருந்தால், 'களவு செய்தல் கூடாது' என்று அவன் எழுதியிருப்பான். அதுவும் நல்ல விடைதான். ஆத்திசூடி கற்று வளர்ந்த நமக்கு நீதி கூறுதல் பரம்பரை வழக்கம். அதனை நான் குறைகூறவில்லை. ஆனால், கேளாதபோது அவனிடமிருந்து பிறந்த விடை, கேட்டிருந்தாற் பிறந்திருக்கமாட்டாது. நீதி நூலுக்கு ஒரு வேளையும் வேடிக்கைப் புத்தகத்துக்கு ஒரு வேளையும் வெவ்வேறாக இருக்கட்டும். சில நாட்களின் பின்பு அவனாகவே றோசியின் கதையை எடுத்துவைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். இம்முறை அரை நிமிடத்தில் முடியவில்லை.

இவ்வாறு வாசிப்பதற்கும் ஒரு முறை உண்டு. அமெரிக்க உளவியலாளர் குறோவர் வைற்ஹேர்ஸ்ற்றும் அவரோடு பணிபுரிந்தோரும் 1988-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரண்டு வயதையொட்டிய குழந்தைகளின் பெற்றோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை வழக்கம்போல வாசிக்கவிட்டனர். மற்றப் பிரிவினர், ஆம் அல்லது இல்லை என்று விடை வரும் கேள்விகளை விட்டு, 'இவர் என்ன செய்கிறார்?' என்பன போன்ற கேள்விகளைக் கேட்டு, குழந்தை கூறியதோடு மேலும் ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லப் பழகினர். நான்கே வாரங்களில் அப் பிரிவுக் குழந்தைகளின் பேச்சுத்திறன் தெளிவாக முந்தியிருந்தது. நம் வீட்டு வழக்கத்திற் கூறுவதானால், பெரியவர் வாயைச் சற்று அடக்கினாற் போதும். பக்கத்தைத் திருப்பமுன் பத்து எண்ணும் நேரம் சும்மா இருங்கள். குழந்தை எதையாவது கண்டு சொல்லும். சொன்னதைத் திருத்தாமல், 'அப்புறம்?' என்று கேளுங்கள். ஒரே புத்தகத்தை நாற்பதாம் முறை கேட்டாலும் சலியாதீர்கள். அது நாற்பதாம் முறையும் புதிதாக ஒன்றைப் பார்க்கின்றது.

புத்தகங்களுக்கு எங்கே போவது என்று பெற்றோர் கேட்பது நியாயமே. இறக்குமதியாகும் நல்ல படப் புத்தகம் ஒன்றின் விலை பல குடும்பங்களுக்குத் தாங்கக்கூடியதன்று. சென்னையிலே 1996-இல் தொடங்கப்பட்ட துளிகா பதிப்பகம் தமிழிலும் படக்கதைகளை வெளியிடுகின்றது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடக்கிய ஸ்ரோரிவீவர் என்னும் இணையத்தளத்திலே தமிழ்ப் படக்கதைகள் பலவற்றை இலவசமாக வாசிக்கலாம். நூலகங்களின் சிறுவர் பகுதியிற் கேட்டுப் பார்ப்பதும் நன்று. கேட்போர் இருந்தால்தானே வாங்கி வைப்பார்கள்?

ஒன்றும் கிடையாவிட்டால், பிராங்பேர்ட் வைத்தியர் செய்ததையே நாமும் செய்யலாம். மூலைக் கடையில் ஒரு வெறுங் கொப்பி வாங்குங்கள். உங்கள் வீட்டுக் கோழியையோ, பூனையையோ, சந்தைக்குப் போகும் அப்பப்பாவையோ வரையுங்கள். படம் அழகாக இருக்கவேண்டும் என்பதில்லை. லியரின் படங்களே கோணலானவைதாம். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு வரி மாத்திரம் எழுதுங்கள். படத்தில் ஏதேனும் ஒன்றை மறந்தும் எழுத்திற் குறிப்பிடாமல் விடுங்கள். பின்பு கொப்பியைப் பிள்ளையின் கையிற் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.